காஞ்சிபுரம் – மாமல்லபுரம் ஒரு நாள் பஸ் டூர்: வயதானவர்களைக் கூட்டிப் போகலாமா?

பெரம்பூர்க்காரி

சென்னையில் காலையில் ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம், மாமல்லபுரம் இரண்டையும் காட்டி ராத்திரிக்குள் திரும்பக் கொண்டுவந்து விடுகிறார்களே, கைடோடு வரும் பஸ் டூர், அதில் யாராவது போயிருக்கிறீர்களா? அப்பா அம்மாவைக் கூட்டிப் போகலாம் என்று பார்க்கிறேன், கூட அக்கா மகளும் வருகிறாள், அவளுக்கு 12 வயது.

அப்பாவுக்கு 71. திருநெல்வேலி பக்கம் 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்தியவர். மகேந்திரவர்மன், நரசிம்மவர்மன், ராஜசிம்மன் என்று பல்லவர் வரிசையைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார், ஆனால் கைலாசநாதர் கோயிலை இன்றுவரை நேரில் பார்த்ததில்லை. மாமல்லபுரம் ஒரே ஒரு தடவை, பள்ளிச் சுற்றுலாவில் வந்திருக்கிறார், அன்றைக்கு முழுக்கப் பிள்ளைகளை எண்ணிக்கொண்டே இருந்ததில் எதையும் நின்று பார்க்க முடியவில்லையாம். கார் வைத்துக்கொண்டு போகலாம்தான், ஆனால் போகிற இடத்தில் எல்லாம் அப்பாவேதான் எங்களுக்கு விளக்க வேண்டி வரும். வாழ்நாள் பூராவும் பிறருக்குச் சொல்லிக் கொடுத்தவர், ஒரு நாளாவது விஷயம் தெரிந்த ஒருத்தர் சொல்ல அவர் உட்கார்ந்து கேட்கட்டும் என்று எனக்கு ஆசை. அம்மாவுக்கு முழங்கால் வலி, தொடர்ந்து பத்து நிமிடத்துக்கு மேல் நடக்க முடியாது. இதற்கு இந்த டூர் சரிப்படுமா?

அண்ணாநகர் மேற்கு

போன ஜனவரியில் நான், மனைவி, மாமனார் மூன்று பேரும் போய் வந்தோம். தனியார் கம்பெனி, பெயர் வேண்டாம். பஸ் நல்ல பஸ், டிரைவர் நிதானமானவர், அதில் குறை சொல்ல முடியாது. வயிற்றெரிச்சல் எல்லாம் நேரத்தால்தான். ஆறரைக்குக் கிளம்ப வேண்டியது, ஒவ்வொரு இடமாக நின்று ஆள் ஏற்றி ஊரைத் தாண்டும்போதே எட்டாகிவிட்டது, ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் டிபனுக்கு முக்கால் மணி, காஞ்சிபுரத்தில் இறங்கும்போது பத்தேகால். ஏகாம்பரநாதரையும் காமாட்சியம்மனையும் முடித்துவிட்டுக் கைலாசநாதருக்குப் போனால் பன்னிரண்டுக்கு நடை சாத்தப் போகிறார்கள் என்று விரட்டுகிறார்கள். வெறும் 20 நிமிடம்! அங்கிருந்து நேராகப் பட்டுக்கடை, அங்கே ஒரு மணி பத்து நிமிடம். மாமனார் கடை வாசலில் செருப்பு விடுகிற இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, கையில் தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், அந்த முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

மாமல்லபுரத்துக்கு நாலரைக்குப் போய்ச் சேர்ந்தோம். கடற்கரைக் கோயில், ஐந்து ரதம் இரண்டையும் அவசர அவசரமாகப் பார்த்தோம், அர்ச்சுனன் தபசு என்கிற பாறைச் சிற்பம் பஸ் ஜன்னல் வழியாகத்தான்.

போக வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். பணம் கட்டுவதற்கு முன்னால் போன் செய்து, கைலாசநாதருக்கு எத்தனை நிமிடம், பட்டுக்கடையில் எத்தனை நிமிடம், கைடு காலையிலிருந்து கூடவே வருகிறவரா, இதை மட்டும் கேளுங்கள். மழுப்பினால் அடுத்த கம்பெனியைப் பாருங்கள்.

தாம்பரம் லோக்கல்

இரண்டு ஊரையும் ஒரே நாளில் அடைக்கவே கூடாது என்பது என் கட்சி. சென்னையிலிருந்து காஞ்சிபுரம் கிட்டத்தட்ட 75 கிலோமீட்டர், அங்கிருந்து செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் 65, திரும்பி ஈசிஆரில் ஒரு 55, ஆக வயதானவர்கள் அன்றைக்குப் பார்ப்பதைவிட உட்கார்ந்திருப்பதுதான் அதிகம். சென்னை கடற்கரை ஸ்டேஷனிலிருந்து செங்கல்பட்டு வழியாகக் காஞ்சிபுரத்துக்கே மின்சார ரயில் இருக்கிறது, டிக்கெட்டும் மலிவு. அங்கே ஒரு ஆட்டோவை அரை நாளுக்குப் பேசிக்கொண்டால் வேண்டிய கோயிலில் வேண்டிய மட்டும் நிற்கலாம். மாமல்லபுரத்தை இன்னொரு நாள் வையுங்கள். தொல்லியல் துறை இடங்கள் காலை ஆறு மணிக்கே திறந்துவிடும், ஏழு மணி வெயிலில் கடற்கரைக் கோயிலைப் பார்த்தவர்கள் மத்தியானம் அந்தப் பக்கம் போக மாட்டார்கள்.

ரிட்டயர்டு கைடு

இந்த ரூட்டில் 11 வருஷம் கைடாக ஓடியவன் நான். தாம்பரம் நண்பர் சொல்வது நியாயம்தான், ஆனால் இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதில் ஒரு லாபம் இருக்கிறதம்மா, அதை யாரும் சொல்வதில்லை. காஞ்சி கைலாசநாதரும் மாமல்லை கடற்கரைக் கோயிலும் ஒரே ராஜா காலத்து வேலை, ராஜசிம்மன் என்கிற இரண்டாம் நரசிம்மவர்மன், 8ஆம் நூற்றாண்டின் தொடக்கம். ஒன்று ஊருக்குள்ளே மணற்கல்லில், இன்னொன்று கடல் ஓரத்தில் கருங்கல்லில். காலையில் கைலாசநாதரில் யாளியையும், சிவன் பார்வதி நடுவில் குழந்தை முருகன் இருக்கிற சோமாஸ்கந்தரையும் கண் நிறையப் பார்த்துவிட்டுச் சாயங்காலம் கடற்கரைக்கு வந்தால், உப்புக் காற்று அரித்து மழுங்கிப்போன அந்த உருவங்கள் உங்களுக்குத் தானாகவே அடையாளம் தெரியும். வாரம் விட்டுப் போனால் அது கிடைக்காது.

வரிசை முக்கியம். காஞ்சியில் கோயில் எல்லாம் பன்னிரண்டு வாக்கில் நடை சாத்தினால் மறுபடி நாலு மணிக்குத்தான், அதனால் காஞ்சி காலையில், மாமல்லை பிற்பகலில், இதை மாற்ற முடியாது. நடை சாத்தின நேரத்தில்தான் சாப்பாடும் பட்டுக்கடையும் வரும். கடையில் நடக்கிற வியாபாரத்துக்குக் கைடுக்கும் டிரைவருக்கும் கமிஷன் உண்டு, நானும் வாங்கியிருக்கிறேன், எங்கள் சம்பளம் அப்படி. ஆனால் கோயில் நேரத்தைக் கடைக்குக் கொடுப்பது தப்பு. நான் எப்போதும் கைலாசநாதரைத்தான் முதலில் வைப்பேன், கூட்டமும் இருக்காது, தரையும் சுடாது.

அங்கே வாத்தியார் ஐயா பார்க்க வேண்டியது நிறைய. சுற்றிலும் 58 சிற்றாலயங்கள், அவற்றின் அடியில் வரிசை வரிசையாக ராஜசிம்மனுடைய பட்டப்பெயர்கள், இருநூற்றுக்கும் மேலே, ஒரே பெயரை வேறு வேறு எழுத்து வடிவில் வெட்டியிருப்பார்கள். சில மாடங்களுக்குள்ளே பழைய ஓவியத்தின் மிச்சம் திட்டுத்திட்டாக இருக்கும், சிவப்புக் கோடும் கொஞ்சம் மஞ்சளும். முன்மண்டபத்துத் தூண் ஒன்றில் கன்னடக் கல்வெட்டு இருக்கிறது, அதைக் கேட்டுப் பாருங்கள். சாளுக்கிய இரண்டாம் விக்கிரமாதித்தன் காஞ்சியைப் பிடித்தபோது இந்தக் கோயிலின் செல்வத்தை எடுத்துக்கொள்ளாமல் கோயிலுக்கே விட்டுவிட்டதாக வெட்டிவைத்தது. பரம்பரைப் பகை, புலிகேசி காலத்திலிருந்து வருகிற பகை, சாளுக்கியர் தலைநகர் வாதாபியைப் பல்லவர்கள் கொளுத்தியதற்கு இங்கே பழி தீர்த்திருக்கலாம். செய்யவில்லை. ஜெயித்தவன் எதிரியின் தலைநகரில் எதிரி கட்டின கோயிலில் நின்று அப்படி எழுதிவைத்திருக்கிறான், பஸ்ஸில் வருகிற முக்கால்வாசிப் பேர் அந்தத் தூணைத் தாண்டிப் போய்விடுவார்கள், எனக்கு ஒவ்வொரு தடவையும் மனசு கேட்காது.

பேத்திக்கு ஒன்று. வைகுந்தப் பெருமாள் கோயில் திருச்சுற்றுச் சுவரில் பல்லவர் வரலாற்றையே சிற்பமாக வைத்திருக்கிறார்கள். அரசனுக்கு வாரிசு இல்லாமல் போனபோது கிளை வம்சத்திலிருந்து ஒரு பையனை அழைத்து வந்து முடிசூட்டினார்கள், இரண்டாம் நந்திவர்மன், அவனுக்கு அப்போது வயது 12. நிறைய டூர்களில் இந்தக் கோயில் கிடையாது, இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

மாமல்லையில் தபசுப் பாறையை ஜன்னல் வழியாகப் பார்ப்பது எல்லாம் பார்த்ததில் சேராது. பெரிய யானைக்குக் கீழே ஒரு பூனை பின்னங்காலில் நின்று கையைத் தூக்கித் தவம் செய்யும், சுற்றி எலிகள். ஐந்து ரதத்தில் நகுல சகாதேவ ரதத்துக்குப் பக்கத்தில் கல் யானை நிற்கிறதல்லவா, இரண்டையும் பின்பக்கமிருந்து சேர்த்துப் பாருங்கள், கோயிலின் முதுகும் யானையின் முதுகும் ஒரே வளைவு. தூங்கானை மாடம் என்ற பெயருக்கு அதைவிட விளக்கம் வேண்டாம். பாண்டவர் பெயர் எல்லாம் பின்னால் ஜனங்கள் வைத்தது.

பெரம்பூர்க்காரி

ஐயா, இதை அப்பாவிடம் உரக்கப் படித்துக் காட்டினேன். தூண் விஷயம் வந்ததும் இன்னொரு தடவை படி என்றார். கடையை அரை மணியில் முடித்துக் கைலாசநாதரை முதலில் வைக்கிற ஒரு டூர் கிடைத்திருக்கிறது, வைகுந்தப் பெருமாள்தான் அதில் இல்லை. அம்மா முழங்காலுக்கு என்ன செய்வது என்று யாராவது சொல்லுங்களேன்.

வளசரவாக்கம் அம்மா

நானும் முழங்கால் கேஸ்தான் கண்ணு, போன வருஷம் போய் வந்தேன். பஸ்ஸில் முன் சீட் கேட்டு வாங்கு, பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறி இறங்கி நடக்கிற நடையே பாதி வலி. கோயிலுக்குள் செருப்பு கிடையாது, பத்தரைக்கு மேலே கல் காய ஆரம்பித்துவிடும், பழைய காட்டன் சாக்ஸ் இரண்டு ஜோடி பையில் போட்டுக்கொள். கைலாசநாதரில் கருவறையைச் சுற்றி ஒரு குறுகல் வழி இருக்கிறது, உள்ளே புகுந்து வந்தால் மறுபிறப்பு இல்லை என்று அர்ச்சகர் கூப்பிடுவார், தவழ்ந்து போக வேண்டும், அம்மாவை அனுப்பாதே. வெளியே மாடத்து நிழலில் உட்காரச் சொல். மாமல்லபுரத்தில் ஏதாவது ஒன்றை அம்மா விட்டுவிட வேண்டும் என்றால் கடற்கரைக் கோயிலை விடட்டும், நடை ஜாஸ்தி. தபசு ரோட்டு ஓரத்திலேயே இருக்கிறது. ரதங்கள் எல்லாம் ஒரே வளாகத்துக்குள் நெருக்கமாக இருப்பதால் மெதுவாகப் பார்க்கலாம். ரதங்களுக்கும் கடற்கரைக் கோயிலுக்கும் ஒரே டிக்கெட், ஆளுக்கு 40 ரூபாய், 15 வயதுக்குக் கீழே பிள்ளைகளுக்கு இல்லை, சில்லறை வைத்துக்கொள்.

பெரம்பூர்க்காரி

ஞாயிற்றுக்கிழமை போய் வந்தோம், எல்லோருக்கும் நன்றி. பஸ் எட்டரைக்கே காஞ்சிபுரம் சேர்ந்துவிட்டது. கைலாசநாதரில் 55 நிமிடம் கொடுத்தார்கள். கைடு சின்ன வயதுப் பெண், நிதானமாகப் பேசினாள், தூண் கல்வெட்டை அவளே காட்டினாள். அப்பா ஒன்றுமே சொல்லவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டு கல்வெட்டைக் கிட்டப் போய்ப் பார்த்தார், விரலைத் தூணில் படாமல் காற்றிலேயே எழுத்தின் மேல் ஓட்டிக்கொண்டு வந்தார். மற்றவர்கள் எல்லாம் நகர்ந்த பிறகும் அந்தப் பெண் அவர் முடிக்கிறவரைக்கும் நின்றாள். அப்புறம் தாத்தாவும் பேத்தியுமாகச் சிற்றாலயங்களை எண்ணிக்கொண்டு போனார்கள், ஒரு தடவை 56 வந்தது, திரும்ப எண்ணினார்கள்.

கடையில் முக்கால் மணி ஆனது, சொன்னதைவிடக் கொஞ்சம் கூடத்தான். அம்மா ரதங்களையும் தபசையும் பார்த்தாள், கடற்கரைக் கோயிலுக்கு நாங்கள் போனபோது பஸ்ஸிலேயே இருந்துகொண்டாள், முழங்கால் மறுநாள் ஒரு வேளை வெந்நீர் ஒத்தடத்தோடு சரியாகிவிட்டது. சாயங்கால வெளிச்சத்தில் அந்தக் கோயிலில் தேய்ந்துபோன ஒரு சோமாஸ்கந்தரைப் பேத்திதான் முதலில் கண்டுபிடித்துச் சொன்னாள், ரிட்டயர்டு கைடு ஐயா சொன்ன மாதிரியே.

இப்போது 12 வயது ராஜாவைப் பார்க்காமல் வந்துவிட்டோம் என்று அவள் ஒரே பிடிவாதம், அப்பாவும் அவள் பக்கம். காஞ்சிக்கு மட்டும் இன்னொரு தடவை ரயிலில் போகப் போகிறோம். தாம்பரம் சார், கடற்கரையிலிருந்து கிளம்பும் காலை வண்டியில் பெரம்பூரிலிருந்து வருகிறவர்கள் எங்கே ஏறினால் அம்மாவுக்கு உட்கார இடம் கிடைக்கும்?