என்ட் ஃப்ளோட்: ‘இடைவெளி’ என்றால் போதுமா?

ஈசூனிலிருந்து

அனைவருக்கும் வணக்கம்.

மோரிஸ் மைனர் 1000 எஞ்சினைப் பிரித்துக் கோப்பதற்கான தமிழ்க் கையேட்டின் இரண்டாம் பகுதி ‘என்ட் ஃப்ளோட்’ என்ற ஒரே ஒரு சொல்லுக்காக நிற்கிறது. எஞ்சினை இறக்கும் முதல் பகுதியில் தொல்லையே இல்லை. பேட்டரி இணைப்பைக் கழற்றுவது (இந்த வண்டிக்குப் பாசிட்டிவ்தான் எர்த்), தண்ணீரும் எண்ணெயும் வடிப்பது, பிறகு பானெட், ரேடியேட்டர், கார்புரேட்டர், ஸ்டார்ட்டர், சைலன்சர் குழாய். கியர்பாக்ஸுக்கு அடியில் ஜாக்கை முட்டுக் கொடுத்துவிட்டு பெல் ஹவுசிங் போல்ட்டுகள். கடைசியாக முன்பக்க மவுண்ட் இரண்டும். எஞ்சினை நேராக முன்னோக்கி இழுத்து, கியர்பாக்ஸ் தண்டு முழுதும் விடுபட்ட பிறகே மேலே தூக்க வேண்டும். பாதியில் தொங்கவிட்டால் பாரம் அந்தத் தண்டின் மேல் ஏறி, கிளட்ச் தட்டின் நடுப்பகுதி கோணிவிடும். இவை எல்லாம் தமிழில் தாமாகவே அமைந்தன. ‘எஞ்சினை இறக்கி வேலை பார்த்தது’ என்றால் எந்தத் தமிழருக்கும் புரியும்.

சிக்கல், பிஸ்டன்கள் ஏறி இறங்குவதைச் சுழற்சியாக்கும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டைப் பூட்டும் இடத்தில் வருகிறது. அந்தத் தண்டு தன் நீளவாக்கில் முன்னும் பின்னும் இம்மியளவு நகர வேண்டும். இந்த வண்டியின் ஏ-சீரிஸ் எஞ்சினில் அந்த அளவு 0.002 முதல் 0.003 அங்குலம், அதாவது 0.051 முதல் 0.076 மி.மீ. ஆங்கிலத்தில் இதன் பெயர் என்ட் ஃப்ளோட். வரைவில் ‘முனை இடைவெளி’ என்று போட்டிருக்கிறேன். ஆனால் அதே அத்தியாயத்தில் வால்வு இடைவெளி (0.30 மி.மீ., எஞ்சின் குளிர்ந்த நிலையில்), ஸ்பார்க் பிளக் இடைவெளி (0.64 மி.மீ.), பிஸ்டன் ரிங் வாய் இடைவெளி, பேரிங் இடைவெளி எல்லாம் வந்துவிட்டன. ஐந்து வேறு பொருளுக்கு ஒரே சொல். படிப்பவர் எதை எங்கே அளப்பார்?

‘முனை மிதப்பு’ என்று ஒரு யோசனையும் வந்தது. உங்கள் கருத்து வேண்டும்.


காக்கி புக்கிட்டிலிருந்து

தம்பி, ‘மிதப்பு’ வேண்டாம். கார்புரேட்டர் கிண்ணத்துக்குள் பெட்ரோல் மட்டத்தைப் பிடித்து வைத்திருப்பதுதான் மிதவை. அந்தச் சொல்லுக்கு அந்த எஞ்சினிலேயே வேலை இருக்கிறது. கிராங்க் ஷாஃப்ட் எதிலும் மிதக்கவில்லை. ‘முனை’ என்பதும் தவறு. நகர்வது முனை மட்டுமல்ல, தண்டு முழுவதும். அதைக் கட்டுப்படுத்தும் இடமோ முனையிலேயே இல்லை, நட்ட நடுவில் இருக்கிறது. இந்த எஞ்சினுக்கு மெயின் பேரிங் மூன்று. நடு பேரிங்கின் இருபுறமும், தண்டின் முன்பின் தள்ளுவிசையைத் தாங்கும் அரைவட்டமான திரஸ்ட் வாஷர்கள் உட்காருகின்றன, மேலே இரண்டு, கீழே இரண்டு. கீழ்ப் பாதிகளுக்குச் சிறு காது உண்டு. அது பேரிங் மூடியின் வெட்டில் உட்கார்ந்து வாஷர் சுழலாமல் பிடிக்கும்.

‘முனை’ என்று எழுதினால் புதிதாகச் செய்கிறவர் கப்பிப் பக்கமோ ஃப்ளைவீல் பக்கமோ போய் எதையாவது முறுக்கிச் சரிசெய்யப் பார்ப்பார். அங்கே சரிசெய்ய ஒன்றுமில்லை.

பட்டறையில் இதற்குச் சொல் இருக்கிறது. சின் மிங்கிலும் இங்கேயும் பெரும்பாலும் ‘பிளே’ என்பார்கள், மலாய் பேசுகிறவர்கள் ‘கோயாங்’ என்பார்கள், தமிழ்நாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் ‘ஆட்டம்’ என்பார்கள். ‘அண்ணே, ஷாஃப்ட்ல ஆட்டம் இருக்கு.’ அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.


தெம்பனிஸிலிருந்து

ஆட்டம் என்பது நல்ல அடிச்சொல். பல் ஆடுகிறது, நாற்காலிக் கால் ஆடுகிறது, ஆணி ஆடுகிறது. ஓரிடத்தில் பொருத்தப்பட்ட பொருள், அந்த இடத்தை விட்டுப் போகாமலே அசைவதற்குத் தமிழில் இதைவிடப் பொருத்தமான வினை கிடையாது.

இடைவெளிக்கும் ஆட்டத்துக்கும் உள்ள வேறுபாட்டை அளக்கும் முறையே காட்டிக்கொடுக்கிறது. ஸ்பார்க் பிளக்கின் இரு முனைகளும் அசைவதில்லை. நடுவே ஃபீலர் கேஜ் தகட்டைச் செருகினால் அளவு தெரிந்துவிடும். அது இடைவெளி. என்ட் ஃப்ளோட்டை அளக்க வேண்டுமானால் முதலில் தண்டை ஒரு பக்கம் நெம்பித் தள்ள வேண்டும், பிறகு மறுபக்கம் தள்ள வேண்டும், எவ்வளவு தூரம் போனது என்று பார்க்க வேண்டும். அது ஆட்டம். சும்மா இருக்கும்போது அளக்க முடிவது இடைவெளி, அசைத்தால்தான் அளக்க முடிவது ஆட்டம் என்று வைத்துக்கொண்டால் ஐந்தில் நான்கு தெளிவாகிவிடும்.

திசையைக் காட்ட ஒரு முன்னொட்டு வேண்டும். ‘அச்சாட்டம்’ என்று முதலில் நினைத்தேன். ஆனால் அச்சே ஆடுவதாகவும் பொருள்படும், வளைந்த அச்சு சுழலும்போது ஆடுவது போல. அது வேறு கோளாறு. நெசவிலும் கோலத்திலும் பேச்சிலும் நெடுக்கு, குறுக்கு என்ற இணை எல்லோருக்கும் தெரிந்தது. தண்டின் நீளவாக்கில் அசைந்தால் நெடுக்காட்டம், தண்டுக்குக் குறுக்கே மேலும் கீழுமாக அசைந்தால் குறுக்காட்டம்.

திரஸ்ட் வாஷருக்கு ‘பிறைத்தகடு’ என்று ஒரு சொல்லும் வைக்கிறேன். வடிவம் பார்த்தால் விளங்கும்.


காக்கி புக்கிட்டிலிருந்து

நெடுக்காட்டம் நன்றாக இருக்கிறது. பிறைத்தகடும் நன்றாக இருக்கிறது, ஆனால் முதல்முறை வரும் இடத்தில் ‘திரஸ்ட் வாஷர் எனப்படும் பிறைத்தகடு’ என்று எழுதுங்கள். சாமான் வாங்கப் போகிறவர் கடையில் பிறைத்தகடு என்று கேட்க முடியாது.

சொல்லைச் சோதிக்க, கையேட்டில் வர வேண்டிய செய்திகளை அதை வைத்தே எழுதிப் பார்க்கிறேன்.

எஞ்சினை இறக்கும் முன்பே நெடுக்காட்டத்தைப் பார்க்கலாம். எஞ்சினை அணைத்துவிட்டு ஒருவர் கிளட்ச் பெடலை மிதித்து மிதித்து விட வேண்டும். இன்னொருவர் முன்பக்கம் கிராங்க் கப்பியைக் கவனிக்க வேண்டும். கப்பி முன்னும் பின்னும் நகர்வது வெறுங்கண்ணுக்குத் தெரிந்தாலே நெடுக்காட்டம் எல்லை மீறிவிட்டது. சரியான அளவு சாதாரண அச்சுத் தாளின் தடிமனைவிடக் குறைவு, கண்ணுக்குத் தெரியாது.

தேய்மானம் பெரும்பாலும் பின்பக்கப் பிறைத்தகட்டில்தான் இருக்கும். கிளட்சை மிதிக்கும்போது தள்ளுவிசை கிராங்க் ஷாஃப்ட்டை முன்னோக்கி அழுத்துகிறது. அப்போது நடு பேரிங்குக்குப் பின்னால் உள்ள கிராங்க் வளைவின் பக்கமுகம், அதாவது கன்னம், வந்து பின்பக்கத் தகட்டின் மேல் சாய்கிறது. சிராங்கூன் சாலையில் தீபாவளி நெரிசலில், விளக்குக்கு விளக்கு கியரைப் போட்டபடியே கிளட்சை மிதித்துக்கொண்டு நிற்கிறவர்களின் எஞ்சினில் இது சீக்கிரம் தேயும். நியூட்ரலில் போட்டுக் காலை எடுத்துவிட வேண்டும்.

தேய்ந்தபின் ஓட்டினால் தகடு மெலிந்து, காது உடைந்து, கீழ்ப்பாதி நழுவி எண்ணெய்த் தொட்டியில் விழும். பிறகு எஃகுக் கன்னம் நேராக பேரிங் மூடியையும் எஞ்சினின் உடலான பிளாக்கையும் அராவத் தொடங்கும். தகட்டின் விலையோடு போக வேண்டியது பிளாக்கின் விலையில் முடியும்.

மாட்டும்போது நடக்கும் தவறு ஒன்றுதான், ஆனால் மோசமானது: தகட்டைத் திருப்பிப் போடுவது. எண்ணெய் ஓடும் பள்ளங்கள் உள்ள முகம் கிராங்கின் கன்னத்தைப் பார்க்க வேண்டும், வெறும் எஃகு முகம் பிளாக்கைப் பார்க்க வேண்டும். திருப்பிப் போட்டாலும் தகடு ஒழுங்காக உட்காரும், அளவும் சரியாகவே காட்டும். அதனால்தான் இதைத் தடித்த எழுத்தில் போடச் சொல்கிறேன். நம் சிங்கப்பூரில், பழைய கார்களுக்கான கிளாசிக் திட்டத்தில் உள்ள கார் ஆண்டுக்கு 45 நாள்தான் சாலையில் ஓடலாம். ஓட்டம் இவ்வளவு குறைவாக இருக்கும்போது தவறு வெளியே தெரிய நெடுநாள் ஆகும்.


உட்லண்ட்ஸிலிருந்து

அண்ணே சொன்னவற்றில் எனக்கு மாறுபாடு இல்லை. சொல்லில்தான் ஒரு தயக்கம்.

‘ஆட்டம் இருக்கு’ என்று பட்டறையில் சொன்னால் அது குற்றம். ‘ஆட்டம் கண்டுவிட்டது’ என்றால் ஏதோ தளர்ந்துவிட்டது, கெட்டுவிட்டது. ஆனால் இங்கே நாம் பேசுவது இருந்தே ஆக வேண்டிய ஒன்று. 0.051 மி.மீ.க்குக் கீழே போகக் கூடாது. எஞ்சின் சூடேறும்போது தண்டு விரிகிறது, கன்னத்துக்கும் தகட்டுக்கும் நடுவே எண்ணெய் படர இடம் வேண்டும். அறவே இல்லாமல் இறுக்கிப் பூட்டினால் தகடு காய்ந்து கருகும், தண்டு பிடித்துக்கொள்ளும். கையேட்டைப் படிக்கிறவர் ‘நெடுக்காட்டம்’ என்ற சொல்லைப் பார்த்ததும் அதை ஒழிக்க வேண்டிய நோயாக நினைத்து, மேலளவுத் தகடு போட்டு முழுதும் அடைத்துவிட்டால் என்ன செய்வது? தடித்த தகடு கடையில் கிடைக்கிறது, 0.003 அங்குலம் கூடுதலாக. ஆட்டம் இல்லாமல் செய்வது எளிது. அதுதான் என் கவலை.

‘நெடுக்கிடம்’ என்றால் எப்படி? இடம் என்றால் குற்றம் என்ற தொனி இல்லை.


தெம்பனிஸிலிருந்து

இந்தத் தடை சரியானது. இதைத் தாண்டாமல் சொல்லை அச்சேற்றக் கூடாது.

ஆனால் ‘நெடுக்கிடம்’ மறுபடி நம்மை இடைவெளிக்கே கொண்டுபோகிறது. சும்மா இருக்கும் வெற்றிடம் போல ஒலிக்கிறது, அசைவு போய்விடுகிறது. தள்ளிப் பார்த்து அளக்க வேண்டும் என்ற குறிப்பை ‘ஆட்டம்’ தானே சுமந்து வருகிறது. அதை இழக்க மனம் வரவில்லை.

வழி பெயர்ச்சொல்லில் இல்லை, அதோடு வரும் வினையில் இருக்கிறது. தச்சர் கதவு செய்யும்போது மழையில் மரம் ஊதும் என்று ‘சந்து விட்டு’ இழைக்கிறார். தையற்காரர் ‘கொஞ்சம் தளர விட்டு’த் தைக்கிறார். வேண்டுமென்றே, அளவோடு, பின்னால் வரப்போவதை எண்ணி ஒதுக்குவதற்குத் தமிழில் வினை ‘விடு’. ஆகவே ‘நெடுக்காட்டம் இருக்கிறதா?’ என்று எழுதாமல், ‘நெடுக்காட்டம் 0.051 முதல் 0.076 மி.மீ. விட வேண்டும்’ என்று எழுதுவோம். விடுவது நம் கை. தேய்ந்து கூடிப்போனதைச் சொல்லும்போது ‘நெடுக்காட்டம் மிகுந்துவிட்டது’ என்போம். விடுதல், மிகுதல், குறைதல் ஆகிய மூன்று வினைகளோடு மட்டுமே சொல் வர வேண்டும் என்று கையேடு முழுதும் ஒழுங்கு வைத்தால் நோய் என்ற தொனி போய்விடும். எண் இல்லாமல் சொல்லைத் தனியாக விடவும் கூடாது.

மாட்டு வண்டியில் அச்சாணி எதற்கு என்று எண்ணிப் பாருங்கள். சக்கரம் அச்சிலிருந்து கழன்று போகாமல் தடுக்க. ஆனால் சக்கரத்தின் குடத்தை நெரிக்கும்படி ஆணியை அறைந்தால் சக்கரம் சுழலாது. கிராங்குக்கு அச்சாணியின் வேலையைப் பார்ப்பது பிறைத்தகடு.


உட்லண்ட்ஸிலிருந்து

‘விட வேண்டும்’ என்றதும் தயக்கம் தீர்ந்தது அக்கா. ஒப்புக்கொள்கிறேன்.

குறுக்காட்டத்தை மட்டும் பொதுச்சொல்லாக்க வேண்டாம். பிஸ்டன் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் பிக் எண்ட் பேரிங்கில் 0.025 முதல் 0.063 மி.மீ. வரை விடுவது எண்ணெய்ப் படலத்துக்கான இடம். அதைத் தள்ளிப் பார்த்து அளப்பதில்லை. மெழுகுத் திரி போன்ற பிளாஸ்டிகேஜை வைத்து, மூடியை முறுக்கிக் கழற்றி, நசுங்கிய அகலத்தைப் பார்க்கிறோம். தெம்பனிஸ் அக்கா சொன்ன சோதனைப்படியே அது ஆட்டம் அல்ல. ‘எண்ணெய் இடைவெளி’ என்று இருக்கட்டும். தேய்ந்து தட்டத் தொடங்கிய பிறகு குறுக்காட்டம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பல்சக்கரங்களுக்கு நடுவே உள்ள அசைவுக்குப் ‘பல்லாட்டம்’ என்று வைத்தால் இந்தக் குடும்பத்திலேயே சேரும். டிஸ்ட்ரிபியூட்டர் அத்தியாயத்தில் தேவைப்படும்.


காக்கி புக்கிட்டிலிருந்து

ஒரு குறிப்பு விட்டுப்போயிற்று. கிராங்க்கை அராவக் கொடுத்துத் திரும்பி வந்தால் பழைய அளவை நம்பக் கூடாது. நடு ஜர்னலை (பேரிங்குக்குள் சுழலும் தண்டுப் பகுதியை) 0.010 அல்லது 0.020 அங்குலம் குறைத்து அராவும்போது, சாணைக்கல் கன்னத்தையும் தொட்டிருக்கலாம். தொட்டிருந்தால் புதிய தகடு போட்டாலும் நெடுக்காட்டம் மிகும். மேலளவுத் தகடு அதற்காகத்தான். ஆகவே வாங்கும் முன் அளக்க வேண்டும். அளப்பதும் பிஸ்டன்களை மாட்டும் முன்புதான். ராடுகள் பூட்டப்பட்ட பிறகு ரிங்குகளின் பிடி சேர்ந்துகொள்ளும், தண்டு இலகுவாக நகராது, கை உணர்வு ஏமாற்றும்.


ஈசூனிலிருந்து

மிக்க நன்றி அண்ணே, அக்கா, நண்பரே. எல்லோரும் சொன்னதை வைத்து அந்தப் பத்தியை மாற்றி எழுதியிருக்கிறேன். அச்சுக்கு இப்படியே போகிறது:

“நெடுக்காட்டம் விடுதல். பிளாக்கைத் தலைகீழாக வைத்து, மெயின் பேரிங் ஓடுகளுக்கு எண்ணெய் தடவிக் கிராங்க் ஷாஃப்ட்டைக் கிடத்துக. திரஸ்ட் வாஷர் எனப்படும் பிறைத்தகடுகளை நடு பேரிங்கின் இருபுறமும் செருகுக. எண்ணெய்ப் பள்ளம் உள்ள முகம் கிராங்கைப் பார்க்க வேண்டும். காது உள்ளவை கீழ்மூடிக்கு. மூன்று மூடிகளையும் 60 பவுண்டு-அடி, அதாவது 81 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசைக்கு முறுக்குக. ஒவ்வொரு மூடியை முறுக்கியதும் தண்டைக் கையால் ஒரு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க. இறுகினால் அந்த மூடியைக் கழற்றி, ஓட்டுக்கு அடியில் தூசி உண்டா, மூடி இடம் மாறியோ திரும்பியோ இருக்கிறதா என்று பார்க்க. பிறகு திருப்புளியால் தண்டை முன்பக்கமாக நெம்பித் தள்ளி, ஃப்ளைவீல் பூட்டும் முகத்தில் டயல் கேஜைச் சுழியில் வைத்து, பின்பக்கமாகத் தள்ளுக. கேஜ் காட்டுவதே நெடுக்காட்டம். 0.051 முதல் 0.076 மி.மீ. விட வேண்டும். மிகுந்தால் மேலளவுப் பிறைத்தகடு. குறைந்தால் தகட்டின் எஃகு முதுகைக் கண்ணாடி மேல் விரித்த நுண்ணிய உப்புத்தாளில் வட்டமாகத் தேய்த்து, கழுவி, மறுபடி அளக்க. பள்ளம் உள்ள முகத்தைத் தேய்க்கக் கூடாது.”