30 சதவீதத்துலயே அணையுற போன்: பேட்டரி மாத்தலாமா?

வணக்கம் நண்பர்களே, ஒரு யோசனை வேணும்.

போன வெள்ளி ராத்திரி கிளாம்பாக்கத்துல திருநெல்வேலி பஸ் ஏறினேன். விழுப்புரம் தாண்டி டீக்கு நிறுத்தினாங்க. குடிச்சிட்டு ஸ்கேன் பண்ணப் போனா, 30 சதவீதம் காட்டின போன் பொசுக்குன்னு அணைஞ்சிடுச்சு. பர்ஸ்ல பத்துப் பைசா இல்ல. கடைக்காரர் கிளாஸைக் கழுவிக்கிட்டே என்னை மேலும் கீழும் பார்த்தார். பக்கத்து சீட் அண்ணாச்சிதான் 15 ரூபாய் கொடுத்தார். வீட்டுக்குப் பேசுங்கன்னு தன் போனையும் நீட்டினார். மனைவி நம்பர் ஞாபகம் வந்தாத்தானே! மனப்பாடமா இருந்தது, எப்பவோ துண்டிச்ச எங்க பழைய லேண்ட்லைன் நம்பர் மட்டும்தான்.

போனுக்கு 4 வயசு. பேட்டரி பழசானா உள்தடை, அதாவது கரண்ட்டை உள்ளேயே தடுக்கிற தன்மை, கூடும், கேமரா திறந்தாலே வோல்டேஜ் சரிஞ்சு அணையும், அது புரியுது. சென்னை ரிச்சி தெருவுல மாத்தினா செலவு கம்மி, ஆனா போலி பேட்டரி உப்பிடுமோன்னு பயம். அங்க நம்பகமான கடை யாருக்காவது தெரியுமா?

இன்னொண்ணு, பவர் பேங்க். 10000 எம்.ஏ.ஹெச்.னு போட்டிருந்தாலும் அது 3.7 வோல்ட் கணக்கு. 5 வோல்ட்டுக்கு மாத்துறப்ப வீணாகிறதும் போக 6000 சொச்சம்தான் தேறும். அது போதுமா, இல்ல 20000 செங்கல்லைச் சுமக்கணுமா? வர்ற வெள்ளி மறுபடி ஊருக்குப் போறேன், அதுக்குள்ள சொல்லுங்க.