212 பக்கப் பராமரிப்புக் கையேட்டைப் பல கோப்புகளாகப் பிரிக்கலாமா?

கேள்வி (திருவொற்றியூர்):
மணலியில் உள்ள ஓர் ஆலையின் பம்ப் பராமரிப்புக் கையேடு என் பொறுப்பில் இருக்கிறது. வேர்டில் ஒரே கோப்பு, 212 பக்கம். படங்கள் அதிகம் என்பதால் அது திறப்பதற்குள் ஒரு டீ குடித்து முடித்துவிடலாம். சென்ற மாதம் கப்ளிங் போல்ட்டின் டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) மதிப்பை ஓரிடத்தில் திருத்தினேன். அதே மதிப்பு பின்னால் ஓர் அட்டவணையிலும் இருந்ததைக் கவனிக்காமல் விட்டதால், இரவு ஷிஃப்ட் ஃபிட்டர் பழைய மதிப்புக்கே இறுக்கியிருக்கிறார். இருபது இருபது பக்கமாகப் பிரித்துவிடலாமா? பிரித்தால் ‘பக்கம் 87 காண்க’ போன்ற குறிப்புகள் என்னவாகும்?

பதில் (பெரம்பூர்):
அந்தப் பிழை நீளத்தால் வந்ததன்று, ஒரே மதிப்பு இரண்டு இடங்களில் இருந்ததால் வந்தது. இப்படியே பிரித்தால் அந்த இரண்டு இடங்களும் இரண்டு கோப்புகளுக்குள் போய் ஒளிந்துகொள்ளும். முதலில் டார்க், கிளியரன்ஸ் (பாகங்களுக்கு இடையிலான இடைவெளி), ஆயில் அளவு எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் சேர்த்து, மற்ற இடங்களில் ‘அட்டவணையைப் பார்க்கவும்’ என்று மட்டும் எழுதுங்கள். பிரிப்பதற்குப் பக்க எண்ணிக்கை அளவுகோல் ஆகாது. ஒர்க்‌ஷாப்பில் இருக்கும் அச்சுப் பிரதியை மூடிவைத்து அதன் ஓரத்தைப் பாருங்கள். கிரீஸ் கை பட்டுக் கறுத்திருக்கும் பக்கங்கள் எவையோ, அவைதாம் தனித்தாளாக வெளியே வர வேண்டியவை.

பதில் (தண்டையார்பேட்டை):
நாங்கள் ஆர்வக்கோளாறில் 31 கோப்புகளாகப் பிரித்துவிட்டுப் பட்டோம். தர மேலாண்மைத் தரநிலையான ஐஎஸ்ஓ 9001:2015-இன் 7.5.3 பிரிவின்படி திருத்தங்களையும் வினியோகத்தையும் கட்டுப்பாட்டில் வைக்க வேண்டும் என்பதால், ஒவ்வொரு கோப்புக்கும் தனி எண், தனித் திருத்த எண், மாஸ்டர் லிஸ்டில் (எல்லா ஆவணங்களின் பட்டியலில்) தனி வரி என்று ஒரு வேலை முப்பத்தொன்றாகிவிட்டது. ஒரே கோப்பில் ஒரு சொல்லைத் தேடி நொடியில் எடுத்த சௌகரியமும் போயிற்று. பக்கக் குறிப்புகளைப் பற்றி ஓர் எச்சரிக்கை: அவை வேர்டின் கிராஸ்-ரெஃபரன்ஸ் வசதியால் இட்டவையானால், பிரித்த பிறகும் வேர்ட் பழைய எண்ணையே சாதுவாகக் காட்டிக்கொண்டிருக்கும். கன்ட்ரோல்-ஏ, எஃப்9 அழுத்திப் புதுப்பித்தால்தான் அறுந்த குறிப்புகள் பிழைச்செய்தியாக வெளியே வரும். அவற்றில் பக்க எண்ணுக்குப் பதிலாகக் கோப்பு எண்ணையும் பிரிவு எண்ணையும் எழுதுங்கள்.

கேள்வி கேட்டவர்:
இன்று பிரதியைப் பார்த்தேன். மெக்கானிக்கல் சீல் மாற்றுவது, பேரிங் மாற்றுவது, அலைன்மென்ட் ஆகிய மூன்று இடங்கள் மட்டுமே கறுத்திருக்கின்றன; கொள்கை விளக்கம் உள்ள முதல் அறுபது பக்கங்கள் கடற்காற்றின் ஈரத்தில் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன, ஒருவரும் பிரித்த அடையாளமே இல்லை. மூன்றையும் தனித்தாள்களாக எடுத்துவிட்டு மீதியை ஒரே கோப்பாக விட்டுவிடுகிறேன். மின்சாரத்தைத் துண்டித்துப் பூட்டி, வால்வுகளை அடைத்து, அழுத்தத்தை வெளியேற்றும் படிகளையும் ஒரே இடத்தில் வைத்துவிட்டு, ‘அங்கே பார்க்கவும்’ என்று எழுதலாமா?

பதில் (பெரம்பூர்):
கூடாது. ஒரே இடத்தில் இருக்க வேண்டும் என்று நான் சொன்னது மதிப்புகளுக்கு மட்டும். பம்ப் அருகே போகிற ஃபிட்டரின் கையில் அந்த ஒரு தாள்தான் இருக்கும். அடுத்த தாளை எடுக்க அவர் திரும்பி வரமாட்டார். ஆகவே துண்டிப்புப் படிகளை மூன்று தாள்களின் தலையிலும் முழுமையாக, எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோல் அச்சிடுங்கள். அவற்றில் ஒன்றைத் திருத்தினால் மூன்றுக்கும் திருத்த எண் ஏற வேண்டும் என்பதை மாஸ்டர் லிஸ்டிலேயே எழுதிவைத்துவிடுங்கள்.