மறு: கிட்இக்னோர் கோப்புக்கு ஏற்ற தமிழ்ச் சொல்

வணக்கம். கிட் என்பது நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் மென்பொருள். எந்தக் கோப்புகளை அது சேர்த்துக்கொள்ளக் கூடாது என்று நாம் பெயர் எழுதி வைக்கும் கோப்புதான் கிட்இக்னோர்.

> "புறக்கணி" ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, அதையே வைத்துக்கொள்ளலாமே?

புறக்கணிப்பு என்றதும் தேர்தல் புறக்கணிப்புதான் நினைவுக்கு வருகிறது. கடவுச்சொல் இருக்கும் டாட்என்வ் கோப்பை நாம் அப்படி ஒதுக்குவதில்லை. அது இல்லாமல் நிரலே ஓடாது. நம் கணினியில் பத்திரமாக இருக்க வேண்டும், எல்லோரும் பகிர்ந்துகொள்ளும் பொதுக் களஞ்சியத்துக்கு மட்டும் போகக் கூடாது. ஆங்கிலத்தில்கூட இக்னோர் என்ற பெயர் 2005-இல் கிட் வருவதற்கு முன்பே, சிவிஎஸ் என்ற பழைய மென்பொருளின் காலத்தில் ஒட்டிக்கொண்டது. அதை அப்படியே பெயர்க்க வேண்டிய கட்டாயம் நமக்கு இல்லை.

> அப்படியானால் "விலக்குப் பட்டியல்"?

இதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது. விலக்குவது என்றால் இருப்பதை அப்புறப்படுத்துவது என்றும் படும். போன மாதம் ஒரு பயிற்சி வகுப்பில் மாணவி ஒருவர், தரவுத்தளக் கடவுச்சொல்லோடு டாட்என்வ் கோப்பை கமிட் செய்து (கிட்டில் பதிந்து) புஷ்ஷும் செய்துவிட்டார் (பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பிவிட்டார்). பதறிப்போய் கிட்இக்னோரில் அதன் பெயரை எழுதினார். நான் கொடுத்த கையேட்டில் "விலக்குப் பட்டியல்" என்றுதான் இருந்தது. அப்புறம் அந்தக் கோப்பில் ஒரு வரியைத் திருத்திவிட்டு மாற்றங்களைக் காட்டும் கிட் ஸ்டேட்டஸ் கட்டளையைப் போட்டால், மாற்றப்பட்டவை என்ற தலைப்பின் கீழ் அதே பெயர் சிவப்பில் நிற்கிறது. "விலக்கிட்டேனே சார், ஏன் போகல?" என்றார். அவர் கேட்டது சரி. தவறு என் சொல்லில்தான்.

கிட் ஏற்கெனவே கணக்கில் எடுத்துக்கொண்ட கோப்பை இந்தப் பட்டியல் தொடவே தொடாது. கிட் ஆர்எம் என்ற நீக்கும் கட்டளையை கேச்டு தெரிவோடு கொடுத்துத்தான் வெளியே எடுக்க வேண்டும். அப்போதும் பழைய கமிட்டுகளில் கடவுச்சொல் அப்படியே கிடக்கும். அதனால் முதல் வேலையாகக் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னேன்.

என் பரிந்துரை: சேராப் பட்டியல். கிட் ஆட் கட்டளையை நாம் "சேர்" என்கிறோம். இந்தப் பட்டியல் தடுப்பதும் அந்த வேலையைத்தான். எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்த்தாலும் இதில் உள்ளவை சேரா. வாடா மலர், அழியாப் புகழ் போலப் பழகிய அமைப்பு. ஏற்கெனவே சேர்ந்துவிட்டதை வெளியேற்றும் என்று இந்தச் சொல் யாருக்கும் நம்பிக்கை தராது.

*

ஐயா, சொல் பிடித்திருக்கிறது. ஆனால் எங்கள் ஊரில் "கத்திரிக்காய் உடம்புக்குச் சேராது" என்போம். ஒவ்வாத கோப்பு என்று எடுத்துக்கொள்ள மாட்டார்களா? இன்னொன்று: கிட் கோப்புறைக்குள் இன்ஃபோ அடைவில் எக்ஸ்குளூட் என்றொரு கோப்பு இருக்கிறது. என் சொந்தக் குறிப்புகளின் பெயர்களை அதில்தான் எழுதுகிறேன். கிட்இக்னோர் களஞ்சியத்தோடு எல்லோருக்கும் போகும். எக்ஸ்குளூட் என் கணினியை விட்டு நகராது. இதற்கு என்ன சொல்?

*

கத்திரிக்காய் ஐயம் நியாயமானது. "சேரா" என்று தனியாக எழுதாமல், எப்போதும் பட்டியலோடு சேர்த்தே எழுதுவோம். கிட்இக்னோர் "பொதுச் சேராப் பட்டியல்", எக்ஸ்குளூட் "தனிச் சேராப் பட்டியல்". இந்த வேறுபாடு கட்டாயம் வேண்டும்: பொதுப் பட்டியலில் "வாடிக்கையாளர் புகார்" என்று ஒரு வரி எழுதினால், கோப்பு வெளியே போகாவிட்டாலும் அதன் பெயர் போய்விடும். கையேட்டில் இரண்டையும் திருத்தி ஞாயிற்றுக்கிழமைக்குள் குழுவுக்கு அனுப்புகிறேன். அந்த மாணவிக்கும் ஒரு பிரதி போகும்.