லடாக்ல மார்க்கா பள்ளத்தாக்கு நடைப்பயணம் போயிட்டு வந்தவங்க, இன்னும் உறுத்திக்கிட்டு இருக்கிற ஒரு சந்திப்பைச் சொல்லுங்க

ஒத்தையடி:

ரூட், செலவு, ஷூ எல்லாம் வேற இடத்துல பேசிப் பேசித் தேய்ஞ்சாச்சு. இது அதுக்கு இல்ல. எனக்கு ஒண்ணு மூணு வருஷமா தொண்டையில முள்ளு மாதிரி நிக்குது.

நிமாலிங் மேய்ச்சல் வெளி. சாயங்காலம். காங் யாட்சே சிகரத்து மேல மேகம் மூடிருச்சு. எனக்கு மண்டையைப் பிளக்குற தலைவலி, படுத்தா மூச்சு வேற முட்டுது. சரின்னு எழுந்து ஓடைப் பக்கம் மெதுவா நடந்தேன். கோடைக்கு ஆடு ஓட்டிட்டு வர்றவங்க தங்குற கல் குடிசைங்க இருக்கும்ல, அதுல ரெண்டாவது. ஒரு அபி-லே (பாட்டி) வாசல்ல உட்கார்ந்து மத்துல வாரைச் சுத்தி, எங்க ஊர்ல கடையற மாதிரியே கடைஞ்சுக்கிட்டு இருந்தாங்க. உட்காருன்னு கையைக் காட்டினாங்க. ஒரு கிண்ணம் மோர் வந்துச்சு. குடிச்சேன்.

அப்புறம் என்னமோ கேட்டாங்க. எனக்கு லடாக்கி தெரியாது. இந்தியும் 'பானி', 'கித்னா'வோட சரி. திரும்பக் கேட்டாங்க. கொங்மாரு லா (லான்னா கணவாய்) பக்கம் கையை நீட்டினாங்க, என் பையைத் தொட்டாங்க. மூணாவது தடவை கொஞ்சம் சத்தமாவே. மோருக்குக் காசு கேட்கிறாங்கன்னு நானா முடிவு பண்ணி ஒரு நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன்.

வாங்கிட்டாங்க. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாங்க. பக்கத்துல கிடந்த கல்லைத் தூக்கி, காத்துல பறந்துடாம அதுக்கு அடியில நோட்டை வெச்சுட்டு, எழுந்து உள்ள போயிட்டாங்க.

மறுநாள் லா ஏறும்போது குதிரைக்காரர்கிட்ட சொன்னேன். விழுந்து விழுந்து சிரிச்சார். அந்தம்மா மகளை லாவுக்கு அந்தப் பக்கம் கீழ இருக்கிற ஷாங் ஊர்ல கட்டிக் குடுத்திருக்காம். இறங்கிப் போறவங்க கையில சுர்பே குடுத்து விடுறது வழக்கமாம். "நீ எந்தப் பக்கம் இறங்குறேன்னு கேட்டிருக்கும்." சுர்பேன்னா கல்லு மாதிரி காயவெச்ச மோர்க்கட்டி, தெரிஞ்சிருக்கும். மேல ஏறினதும் எல்லாரும் 'கி கி ஸோ ஸோ லார்கியாலோ'ன்னு (தெய்வங்களுக்கு வெற்றின்னு அர்த்தம்) கத்துறாங்க. எனக்கு வாயே வரல.

அந்தக் கல்லும் அது கீழ இருந்த நோட்டும்தான். அவ்ளோதான்.


பொருநைக்காரி:

நானும் ஒரு குதிரைக்காரர் கதைதான் சொல்லணும். 2016, ஜூலைக் கடைசி. ஸ்கியு தாண்டி மார்க்கா ஊருக்கு முன்னால ஆத்தைக் கடக்கிற இடம். (ஸ்கியுங்கிற ஊர்ல ராத்திரி சாப்பாட்டுக்கும் ஸ்க்யூதான், மாவுத் துண்டு போட்ட குழம்பு, போட்டாங்க. எனக்கு அது ரொம்பப் பெரிய ஜோக்கா இருந்துச்சு அன்னைக்கு.)

காலையில அஞ்சரைக்குக் கிளம்பணும்னு அவர் நின்னார். நாங்க ஏழு பேரு, பல்லு தேய்ச்சு, போட்டோ எடுத்து, எட்டரை. ஆத்துக்கு வந்து சேரும்போது மூணு மணி. மேல பனி உருகி வர்ற நேரம். காலையில முழங்காலுக்குக் கீழ ஓடியிருக்க வேண்டிய தண்ணி இடுப்புக்கு வந்துருச்சு, டீ கலர்ல. தாமிரபரணியில குதிச்சு வளர்ந்தவ நான், எனக்கே கால் நடுங்கிச்சு.

அவர் ஏழு தடவை கடந்தார். ஒவ்வொருத்தரா கையைப் புடிச்சுக் கொண்டுபோய் விட்டார். ஸ்கூல் பிள்ளைங்க பீ.டி. பீரியடுக்குப் போடுற வெள்ளை கேன்வாஸ் ஷூதான் அவர் கால்ல. கடைசி ஆள் நான். நடு ஆத்துல அவர் கால் ஒரு கல்லுல சிக்கி, உருவும்போது ஒரு ஷூ கழண்டு போச்சு. அது மிதந்து போறதை அவர் பார்த்தார், நானும் பார்த்தேன். எட்டிப் புடிச்சிருக்கலாம். என் கையை விடல.

சாயங்காலம் அந்தக் கால்ல கோணிச் சாக்கைச் சுத்திக் கயிறு கட்டிக்கிட்டு குதிரைக்குப் புல்லு போட்டுக்கிட்டு இருந்தார். அடுத்த அஞ்சு நாளும் அப்படித்தான்.

அஞ்சரைக்குக் கிளம்பச் சொன்னப்ப, "இவருக்கு என்ன, ரயிலையா புடிக்கணும்"னு தமிழ்ல சொல்லிச் சிரிச்சது நான்தான்.

புதுசா போறவங்களுக்கு: ஆத்தை மதியத்துக்குள்ள கடந்துருங்க. பை இடுப்புப் பட்டையைக் கழட்டிட்டுதான் தண்ணியில இறங்கணும், விழுந்தா பையை உதறிட்டு எந்திரிக்கணும்ல. தண்ணி வர்ற பக்கம் பார்த்து நில்லுங்க. வெறுங்காலோட இறங்காதீங்க. இப்ப நிறைய இடத்துல பாலம் வந்துருச்சுங்கிறாங்க, நான் சொல்றது அப்போ.


பனிமலைப் பித்தன்:

ஒத்தையடி அவர்களுக்கு. மனம் புண்படும் என்றால் மன்னிக்கவும், ஆனால் இது மொழிப் பிரச்சினையே இல்லை. ஒரு கிண்ணம் மோர் கொடுத்த கிழவியைப் பார்த்ததும் கை பர்ஸுக்குப் போகிறதே, அதுதான் பிரச்சினை. பத்தே பத்து லடாக்கி வார்த்தை கற்றுக்கொள்ள விமானத்தில் ஒரு மணி நேரம் போதும். ஜூலே என்றால் வணக்கமும் அதுதான், நன்றியும் அதுதான், போய்வருகிறேனும் அதுதான். பாட்டி அபி-லே, தாத்தா மேமே-லே, அக்கா ஆச்சே-லே. எங்கள் காரைக்குடி ஆச்சியை நினைத்துக்கொண்டால் ஆச்சே மறக்குமா? மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய மணிச்சுவர் வந்தால் அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி நடக்க வேண்டும் என்பதுகூடத் தெரியாமல் மேலே ஏறி நின்று செல்ஃபி எடுத்தவர்களைக் கண்ணால் பார்த்தவன் நான். மழை வருடத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர் பெய்யும் பாலைவனம் அது. பனித் தண்ணீரை வாய்க்காலில் திருப்பி, முறை வைத்துப் பாய்ச்சி, ஒரு போகம் பார்லி எடுக்கிறார்கள். நாம் போய்க் குளிக்க வெந்நீர் கேட்கிறோம்.

என் கதை. ரும்பாக்கில் ஹோம்ஸ்டே. பனிச்சிறுத்தையைப் பார்க்கவென்றே பிப்ரவரியில் போனேன். வீட்டு மேமே-லே என்னை ஆட்டுப் பட்டிக்கு அழைத்துப் போனார். இப்போது மேலே கம்பி வலை போட்டிருக்கிறார்கள். முன்பு திறந்த பட்டி. ஒரு ராத்திரி உள்ளே குதித்த ஷான் (பனிச்சிறுத்தைதான்), வெளியே ஏற வழி தெரியாமல் கண்ணில் பட்டதையெல்லாம் கடித்துப் போட்டதாம். எத்தனை என்று விரலில் எண்ணிக் காட்டினார். இரண்டு கையும் முடிந்தது. மறுபடி முதல் விரலிலிருந்து தொடங்கினார்.

"அப்போது அதைப் பார்த்தீர்களா? போட்டோ இருக்கிறதா?" என்று கேட்டேன்.

அவர் பதில் சொல்லவில்லை. கம்பி வலையின் ஒரு மூலையைப் பிடித்து இழுத்துக் காட்டினார், இறுக்கமாக இருக்கிறது பார் என்பதுபோல.


ஒத்தையடி:

பித்தன் சார், கை பர்ஸுக்குப் போனதை நானேதான் எழுதியிருக்கேன். அதுக்கு மேல நீங்க ஒரு பிரசங்கம் வெச்சுட்டு, கடைசியில நீங்களும் ஆடு செத்த வீட்டுல போட்டோ கேட்டிருக்கீங்க. ரெண்டு பேரும் ஒரே குதிரையிலதான் உட்கார்ந்திருக்கோம்.


ஓய்வூதியர்64:

நண்பர்களே, சண்டை வேண்டாம். ஆனால் முதல் பதிவில் ஒரு வரியை எல்லாரும் தாண்டிப் போய்விட்டீர்கள். 'படுத்தா மூச்சு முட்டுது.' 4,800 மீட்டர் உயரத்தில், தலைவலியுடன், படுத்தால் மூச்சு முட்டுவது சாதாரணம் அல்ல. நுரையீரலில் நீர் சேரும் அறிகுறியாக இருக்கலாம். அவர் பிழைத்தது அதிர்ஷ்டம்.

இதில் எனக்கு அனுபவம் உண்டு. ஹங்கர் கிராமத்தில் தங்கியிருந்தோம். எங்கள் குழுவில் ஒருவருக்கு இருமல், வறட்டு இருமல்தான் என்று நினைத்தோம். வீட்டுக்கார அம்மா அடுப்படியிலிருந்து எழுந்து வந்து, கேட்காமலே அவர் முதுகில் காதை வைத்தார். பிறகு கையைக் கீழ்நோக்கி, கீழ்நோக்கி என்று ஆட்டினார். நாங்கள் நான்கு பேர் ஆளுக்கு ஒரு மாத்திரை பெயர் சொல்லி வாதாடிக்கொண்டிருந்தோம். விடிந்துதான் இறக்கினோம். பிழைத்துவிட்டார். அந்த அம்மா இரவு முழுவதும் தூங்காமல் எங்கள் வாசற்படியில் உட்கார்ந்திருந்தது விடிந்த பிறகுதான் தெரிந்தது.

அது போகட்டும். புதிதாகப் போகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். லே 3,500 மீட்டர். சென்னையில் காலை இட்லி சாப்பிட்டுவிட்டு டில்லி மாறி அங்கே இறங்குகிறீர்கள். உடம்பு என்ன செய்யும்? இறங்கிய முதல் இரண்டு நாள் படுக்கையும் வெந்நீருமாக இருங்கள். மூன்றாம் நாள் சாந்தி ஸ்தூபி வரை படி ஏறிப் பாருங்கள். 3,000 மீட்டருக்கு மேல் போனபின் இரவு படுக்கும் உயரம் நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூடக் கூடாது என்பார்கள். ஆனால் ஹங்கரிலிருந்து ஒரே மூச்சில் நிமாலிங் போனால் ஏறக்குறைய 800 மீட்டர். எனவே நடுவில் தச்சுங்சேயில் ஓர் இரவு தங்குவதே நல்லது. உயர நோயைத் தடுக்க டயமாக்ஸ் மாத்திரை 125 மில்லிகிராம் காலை மாலை என்று பலர் எடுக்கிறார்கள், ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடவே வேண்டாம். தூக்க மாத்திரை கூடாது, மது கூடாது, அவர்கள் அன்போடு தரும் பார்லிக் கள்ளான சாங்கும் கூடாது. உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, நேர்க்கோட்டில் நடக்கத் தள்ளாடினாலோ, இருமலில் சிவப்பு நுரை வந்தாலோ, நடு இரவானாலும் கீழே இறங்குங்கள். காலை வரை பார்க்கலாம் என்று சொல்பவன் நண்பன் அல்ல. என்னைக் கேட்டால் விமானமே வேண்டாம், மணாலி வழியாகச் சாலையில் போங்கள், உடம்பு தானாகப் பழகும்.


பொருநைக்காரி:

சார், எல்லாம் சரி, கடைசி வரி மட்டும் தப்பு. மணாலி வழியில ராத்திரி சர்ச்சூல படுக்க வெப்பாங்க. அது கிட்டத்தட்ட 4,300 மீட்டர், லேயை விட உசரம். மறுநாள் தங்லாங் லா, 5,300. அந்தக் கூடாரத்துல ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தவ சொல்றேன். ரோட்டுலதான் போகணும்னா ஸ்ரீநகர் வழி. கார்கில்ல படுக்கலாம், 2,700தான்.


ஓய்வூதியர்64:

ஸ்ரீநகர் வழியைத்தான் சொல்ல வந்தேன். கை தவறிவிட்டது.


மண்கூரை:

நான் 2010ல போனவன். ஆகஸ்ட் 5 ராத்திரி மார்க்கா ஊர்ல ஒரு வீட்டுல இருந்தேன். அந்தத் தேதி தெரிஞ்சவங்களுக்கு மேல விளக்கம் வேண்டாம்.

அங்க மழை அப்படிப் பெய்யாது. வீடும் அதுக்குக் கட்டினது இல்ல. பாப்ளார் உத்திரம், அது மேல வில்லோ குச்சி, புல்லு, அது மேல மண்ணு, தட்டைக் கூரை. ராத்திரி ஒழுக ஆரம்பிச்சது. சொட்டல, சேறா விழுந்துச்சு. வெளிய ஆத்துல பாறைங்க உருண்டு ஒண்ணோட ஒண்ணு முட்டுற சத்தம். லாரியில ஜல்லி கொட்டுற சத்தம் நிக்காம விடிய விடியக் கேட்டா எப்படி இருக்கும், அது.

அவங்க அடுப்படியில சுவர் முழுக்க செம்புப் பாத்திரம் வரிசையா அடுக்கி வெச்சிருப்பாங்களே, கல்யாணத்துக்கும் லோசார் புத்தாண்டுக்கும் மட்டும் எடுக்கிறது, அதையெல்லாம் அந்தம்மா இறக்கி சேறு விழுற இடத்துல வெச்சாங்க. வீட்டுக்காரர் கூடையில காஞ்ச மண்ணையும் அடுப்புச் சாம்பலையும் அள்ளிக்கிட்டு ஏணியில மேல போறார், கொட்டி மிதிக்கிறார், வர்றார், மறுபடி போறார். எத்தனை நடைன்னு தெரியாது. நான் என்ன பண்ணினேன்? ஒரு தடவை அவர் இறங்கி வரும்போது மறிச்சு, "நாளைக்கு வழி திறந்திருக்குமா? எனக்கு 9ஆம் தேதி ஃப்ளைட்"னு கேட்டேன். தலையில இருந்து சேறு வழியுது அவருக்கு. ஒண்ணும் சொல்லாம ஒரு செம்புப் பானையை என் கையில குடுத்துட்டு மேல போயிட்டார். விடியிற வரைக்கும் நான் அதைப் புடிச்சுக்கிட்டு நின்னேன். ரொம்பினா வெளிய கொட்டுறது, திரும்ப வந்து நிக்கிறது.

ரெண்டு நாள் கழிச்சு, லே பக்கம் சோக்லம்சார் எல்லாம் வெள்ளத்துல போச்சு, 200 பேருக்கு மேல செத்துட்டாங்கன்னு தெரிஞ்சது. எப்படியோ நடந்து, தொத்தி, ஒரு வாரம் தள்ளி டில்லி ஏர்போர்ட்ல வந்து விழுந்தேன். பெல்ட்டுல பைக்குக் காத்துக்கிட்டு நிக்கும்போதுதான் உறைச்சது. அன்னைக்கு சாயங்காலம், மழைக்கு முன்னால, தன் பையன் லேல ஹாஸ்டல்ல தங்கி எட்டாவது படிக்கிறான்னு அவர் சொல்லியிருந்தார். போட்டோகூடக் காட்டினார்.

ஃப்ளைட் பத்திக் கேட்டது நான். அவர் எதுவுமே கேட்கல.


பனிமலைப் பித்தன்:

மண்கூரை, பையன் பிழைத்தானா?


மண்கூரை:

தெரியாது. போன் அந்த ஊர்ல அப்ப கிடையாது. திரும்பப் போகல நான்.


முதல்முறை:

எல்லாருக்கும் வணக்கம். ஆகஸ்ட் ரெண்டாம் வாரம் போறேன், தனியா, வழிகாட்டி ஒருத்தரோட. என்கிட்ட ப்ரீபெய்டு சிம், அங்க எடுக்குமா? நிமாலிங்ல டென்ட் கிடைக்குமா, நாமளே தூக்கிட்டுப் போகணுமா?


பொருநைக்காரி:

வெளி மாநில ப்ரீபெய்டு லடாக்ல எடுக்காது, போஸ்ட்பெய்டுக்கு மாத்துங்க. மாத்தினாலும் பள்ளத்தாக்குக்குள்ள சிக்னலை நம்பிப் போகாதீங்க. நிமாலிங்ல ஊர்க்காரங்களே சீசனுக்கு டென்ட் போட்டு வெச்சிருப்பாங்க, சாப்பாடும் உண்டு. முழங்கால் வரைக்கும் தண்ணியில இறங்க, நனைஞ்சா பரவாயில்லாத ஒரு செருப்பு எடுத்துக்கோங்க, லா தாண்டி இறங்குற பக்கமும் ஓடையைக் குறுக்க குறுக்கத் தாண்டணும்.


ஒத்தையடி:

முதல்முறை, ஒரு உதவி. டென்ட் இருக்கிற இடத்துல இருந்து ஓடையைத் தாண்டினா கல் குடிசைங்க. ரெண்டாவது. அபி-லே இருந்தா, எந்தப் பக்கம் இறங்குறேன்னு கேட்பாங்க. ஷாங்னு சொல்லுங்க. பையில கொஞ்சம் இடம் விட்டு வைங்க.


முதல்முறை:

ஓடை தாண்டி ரெண்டாவது, எழுதி வெச்சுக்கிட்டேன். அவங்க மக வீடு ஷாங்ல எங்கன்னு தெரியுமா?


ஒத்தையடி:

குதிரைக்காரர் சொன்னார், நான் கேட்டுக்கல. அந்தம்மாவுக்குத் தெரியும்ல. வழிகாட்டியை விட்டு அவங்ககிட்டயே கேட்கச் சொல்லுங்க.


முதல்முறை:

சரிண்ணா. அப்புறம், அந்த டென்ட்ல கம்பளி குடுப்பாங்களா, இல்ல ஸ்லீப்பிங் பேக் வாங்கிக்கணுமா?