ஏ.ஐ. வரைஞ்ச படத்துல எங்க தறிக்குழி செப்டிக் டேங்க் ஆயிடுச்சு

கேள்வி கேட்டவர்: குடியாத்தம் கைலி

குடியாத்தம் பக்கத்துல எங்க தாத்தா கட்டின வீடு. வாசல்ல ரெண்டு பக்கமும் திண்ணை, நடுவுல முற்றம், சுத்தி நாட்டு ஓட்டுத் தாழ்வாரம். பின்கட்டு மட்டும் மெட்ராஸ் டெரஸ் (செங்கல், சுண்ணாம்புல போட்ட தட்டையான தளம்), அதான் ஒழுகுது. முன் அறையில குழித்தறி, அதாவது தரையில வெட்டின குழியில கால் வச்சு நெய்யற கைத்தறி. அப்பா இன்னும் நெய்யறாரு.

ரிப்பேருக்கு ஒரு பிளான் போடலாமேன்னு ஏ.ஐ.கிட்ட "வட ஆற்காடு நெசவாளர் வீடு"ன்னு கேட்டேன். ஆத்தங்குடி கல்லும் தேக்குத் தூணுமா காரைக்குடி பங்களா ஒண்ணு வந்துச்சு. செட்டிநாடு வேணாம்னேன், செங்குத்தான சரிவுக் கூரையோட கேரளா வீடு வந்துச்சு. சரின்னு கையால வரைஞ்ச பிளானை போட்டோ எடுத்துப் போட்டா, தறிக்குழியை செப்டிக் டேங்க்னு எழுதி வச்சிருக்கு! அப்பாகிட்ட காட்டினேன், அன்னிக்கு சாப்பாடே இறங்கலை அவருக்கு.

முற்றத்தைக் கண்ணாடி போட்டு மூடு, டெரஸ் மேல சிமெண்ட் பூசுன்னும் சொல்லுது. எதை நம்பறது?

பதில்: மேஸ்திரி மவன்

தம்பி, சிமெண்ட் மட்டும் வேணாம். அந்தத் தளம் மர உத்தரத்து மேல சின்னச் செங்கல்லைக் குறுக்குவாட்டுல நிக்க வச்சு, மேல செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு இடிச்சது. ஈரத்தை இழுக்கும், விடும். மேல சிமெண்ட் மூடினா ஈரம் வெளிய போவ வழி இல்ல, உத்தரம் உளுத்துடும். விரிசலைக் கீறி, கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்ட தண்ணியில சுண்ணாம்பு குழைச்சு அடை. மேல பதிச்ச தட்டோடு பேந்த இடத்துல மட்டும் மாத்து. எங்கப்பா செஞ்சது அப்படித்தான்.

பதில்: பாலாற்று மணல்

நான் கட்டட வரைபட வேலை செய்யறேன், தினமும் ஏ.ஐ. தொடறவன். படம் கேக்காதீங்க, கணக்கு கேளுங்க. இணையத்துல நம்ம ஊர் வீட்டுப் படம் குறைச்சல், செட்டிநாடு கொட்டிக் கிடக்கு. அது தெரிஞ்சதைத்தான் வரையும்.

கணக்கையும் சரிபாருங்க. வடக்குச் சுவருக்கு நிழல் தேவையில்லைன்னு என்கிட்ட சொல்லிச்சு. வேலூர் கிட்டத்தட்ட 13 டிகிரி வடக்கு அட்சரேகையில இருக்கு. ஏப்ரல் கடைசியில சூரியன் நேர் உச்சிக்கு வந்து, அப்புறம் ஆகஸ்ட் வரைக்கும் வடக்கே சாய்ஞ்சு போகும். மே மாசம் காலை, மாலை வெயில் வடக்குச் சுவர்மேலயும் விழும். அளவு, திசை, எந்த அறையில என்ன வேலைன்னு எழுதிக் கொடுத்துட்டுக் கேளுங்க. முற்றத்துல கண்ணாடியா? வேலூர் வெயில்ல அப்பளம் பொரிக்கலாம்.

குடியாத்தம் கைலி

அண்ணன்களுக்கு நன்றி. "குழியில உக்காந்து கால்மிதி மிதிச்சு நெய்வாங்க, கீழ இருக்கற ஈரப்பதத்துல நூல் அறாது"ன்னு எழுதினேன். இப்ப தறி அதே இடத்துல இருக்கு. ஜன்னலை மட்டும் தறிக்கு இடது பக்கம் தள்ளச் சொல்லுது, வெளிச்சம் நல்லா விழுமாம். அப்பா பார்த்துட்டு, "இது ஒண்ணு உருப்படியா சொல்லியிருக்கு"ன்னாரு.

பழைய டெரஸ் இடிக்கறவங்க யாராவது இருந்தா சொல்லுங்க, அந்தச் சின்னச் செங்கல் ஒரு 300 வேணும்.