எண்டோமெட்ரியோசிஸ் வலி இருக்கும்போது எவ்வளவு உடற்பயிற்சி செய்யலாம்?

ஈசூன் வாசகி:
எனக்கு வயது 31. சென்ற ஆண்டு லேப்ராஸ்கோப்பி (வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் அறுவை) செய்தபோதுதான், கருப்பையின் உட்புறத் திசுவைப் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் நோய் உறுதியானது. அதுவரை மாதவிலக்கு வலி எல்லாப் பெண்களுக்கும் உள்ளதுதானே என்று வீட்டார் சொன்னதை நம்பிப் பதினான்கு ஆண்டுகள் பொறுத்துக்கொண்டேன். வலி குறைந்த வாரங்களில், விட்டதைப் பிடிக்கும் எண்ணத்தில் ஒரு மணி நேரம் ஓடி, வயிற்றுத் தசைப் பயிற்சிகளும் செய்கிறேன். அடுத்த இரண்டு நாள்களுக்கு அடிவயிறும் இடுப்பும் பிடித்துக்கொள்கின்றன. தாங்கிக்கொண்டு தொடர்வதா, விட்டுவிடுவதா?

செங்காங் அக்கா:
இரண்டும் வேண்டாம், தங்கச்சி. பல ஆண்டுகள் வலியைத் தாங்கிய உடலில், சிறுநீர்ப்பையையும் கருப்பையையும் கீழிருந்து தாங்கும் இடுப்புத் தளத் தசைகள் பெரும்பாலும் நாம் அறியாமலேயே இறுகிவிடுகின்றன. அந்த நிலையில், அத்தசைகளை இறுக்கிப் பிடிக்கும் கீகல் பயிற்சியோ கடுமையான வயிற்றுப் பயிற்சியோ செய்தால் வலி கூடலாம். எனக்கு நேர்ந்ததும் அதுவே. என் பிசியோதெரபிஸ்ட் முதலில் கற்றுக்கொடுத்தது தளர்த்துவதைத்தான்: மல்லாந்து படுத்து, முழங்கால்களை மடக்கி, மூச்சை இழுக்கும்போது வயிறு மெல்ல உயர்வதையும் இடுப்புத் தளம் இளகுவதையும் ஐந்து நிமிடம் கவனிக்க வேண்டும். பிறகு பாலாசனம் (மண்டியிட்டு முன்னால் குனிந்து நெற்றியைத் தரையில் வைக்கும் ஆசனம்), அதன்பின் பத்து நிமிட நடை. மறுநாள் வலி கூடாவிட்டால் மட்டும், அடுத்த வாரம் சில நிமிடங்களைச் சேர்ப்பேன். நல்ல நாளில் அளவை மீறாமல் இருப்பதுதான் எனக்கு மிகவும் கடினமாக இருந்தது. ஆனால் நீங்கள் சொல்லும் அந்த இரண்டு நாள் முடக்கத்தை நிறுத்தியது அந்தக் கட்டுப்பாடுதான்.

தெம்பனிஸ் வாசகி:
அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். மெஃபனாமிக் அமிலம் போன்ற வலி மாத்திரைகளை, வலி உச்சத்தை எட்டிய பிறகு விழுங்குவதைவிட, அது தொடங்கும்போதே உணவுக்குப் பின் எடுத்துக்கொண்டால் கூடுதலாகப் பலன் தரும். வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் எடுக்கவே கூடாது. அடிவயிற்றில் வெந்நீர்ப் பை வைப்பதும் தசைப்பிடிப்பைத் தளர்த்தும். ஆனால் கருப்பைக்கு வெளியே வளர்ந்த திசுவை உடற்பயிற்சி கரைத்துவிடாது என்பதால், மருத்துவர் தந்த ஹார்மோன் மாத்திரையை அதற்காக நிறுத்திவிடாதீர்கள். இந்த நோய் குழந்தை பெறும் வயதுப் பெண்களில் ஏறத்தாழ 10 விழுக்காட்டினருக்கு உண்டு. சிங்கப்பூரில் இன்னும் பரிசோதிக்காத வாசகியர் பலதுறை மருந்தகத்திலிருந்து (பாலிகிளினிக்) பரிந்துரைக் கடிதம் பெற்றால், நிபுணரை மானியக் கட்டணத்தில் பார்க்கலாம்.

ஈசூன் வாசகி:
இருவருக்கும் நன்றி. இவ்வளவு காலம் இறுக்குவதையே பயிற்சி என்று நினைத்திருந்தேன். இன்றிரவு மூச்சுப் பயிற்சியை மட்டும் செய்து பார்க்கிறேன். அடுத்த பரிசோதனையின்போது, இடுப்புத் தளத்தைச் சோதிக்கும் பிசியோதெரபிக்கு அனுப்பும்படி மருத்துவரிடம் கேட்பேன்.